வயிற்றுக்குள் மணி

சிலி நாட்டின் வால் தொடங்கும் இடத்தில் ஒரு தீவு.
அச்சாவோவில் ஜூன் மாதம், நடுக்குளிர்.
நேற்று கொஞ்ச நேரம் மழை நின்றதாகச் சொல்கிறார்கள்,
நான் பார்க்கவில்லை.
விறகடுப்பைச் சுற்றிப் பதினோரு ஜோடிக் காலுறைகள்
ஆவி விட்டுக் காய்கின்றன.
காலுறைக்காரர்கள் பாயில்.
என் மடியில் புத்தகம்.

ஓர் ஆடு தேவாலய மணியை விழுங்கிவிடுகிறது.
எங்கே ஒளிந்தாலும் வயிற்றுக்குள் டண் டண்.
கடைசியில் பாதிரியார் முதுகில் தட்ட
மணி வெளியே விழுகிறது, ஊரே சிரிக்கிறது.
அவ்வளவுதான். பன்னிரண்டு பக்கம்.

"இப்போ நீங்க சொல்லுங்க, உங்க சொல்லில்."
அலுவலகம் தந்த தாளில் ஐந்து கட்டங்கள்:
யார், எங்கே, என்ன சிக்கல், பிறகு, முடிவு.
பென்சிலைக் கூராக்கி வைத்திருக்கிறேன்.

பால்தசாரின் ஆடு படகில் ஏறுகிறது.
படகு சால்மன் பண்ணைக்குப் போகிறது.
அங்கே ராத்திரி வேலை,
அதனால் ஆட்டுக்குப் பகலில் தூக்கம்,
யாரும் சத்தம் போடக் கூடாது.
மணி எங்கேடா?
"அதைத்தானே சொல்றேன் அத்தை, சத்தம் போடக் கூடாது."
இந்தத் தீவில் ஆசிரியை என்றால் அத்தை.
எந்தக் கட்டத்தில் எதை எழுத?
அவன் அப்பாவின் வேலை நேரத்தையா?

ரேயென் மார்ச்சிலிருந்தே வாய் திறப்பதில்லை.
கூடையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு எடுத்தாள்,
அதன் மேல் கழன்ற கோட்டுப் பொத்தானை வைத்து அழுத்தினாள்.
உள்ளே போகவில்லை. இன்னும் அழுத்தினாள்.
கிழங்கு பிளந்தது.
நிமிர்ந்து பார்த்தாள்: முடிஞ்சுது.
சிக்கலுக்கு ஒரு குறி போட்டேன்.
முடிவுக்குப் போட்டு, அழித்து, மறுபடி போட்டேன்.

பிறகு தோமித்திலா.
எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு,
முழுக் கதையையும், ஒரு சொல் பிசகாமல்.
நான் இருமிய இடத்தில் இருமினாள்.
"படத்தைப் பாருங்க" என்று நான் சொன்ன இடத்தில்
இல்லாத படத்தை எல்லோருக்கும் திருப்பிக் காட்டினாள்.
ஐந்துக்கு ஐந்து.
எனக்குத்தான் முதுகு சில்லிட்டது.
என் குரல் என்னை விட்டு இறங்கிப் போய்
அவள் பல்லிடுக்கிலிருந்து எட்டிப் பார்த்த மாதிரி.

ஒப்பிப்பது வேறு, சொல்வது வேறு என்று
நாலு வயசுக்கு எப்படி விளக்குவது?
இதையும் ஒப்பித்துவிடுவாள்.

மறுநாள் புத்தகத்தை மறந்து வந்தேன்.
பொய். பையில் இருந்தது.
"தோமி, எனக்கு நடுவுல மறந்துபோச்சு. ஆட்டுக்கு என்ன ஆச்சு?"
"மணியை விழுங்கிச்சு."
"அப்புறம்?"
அவள் என் வாயைப் பார்த்தாள். அது மூடியே இருந்தது.
அடுப்பில் ஒரு விறகு சரிந்தது.
பால்தசார் துடித்தான், அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.
இத்தனை நீளமான மௌனத்துக்குத் தாளில் கட்டமில்லை.

அவள் கை தன் பாட்டுக்குக் கழுத்துக்குள் போனது,
கம்பளிச் சட்டை உரசும் இடத்துக்கு.
"உள்ளே அரிச்சுது," என்றாள்.
"மணிக்கு ரோமம் இருந்துச்சு."

மணிக்கு ரோமம்!
சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்,
டம்ளரைப் போட்டு உடைத்தவள் போல.
"எவ்வளவு ரோமம்?" என்றேன்.

அப்புறம் கதைக்குக் கண் வந்தது, காது மூக்கு வந்தது.
ஆடு அரிப்பு தாங்காமல் சுவரில் உரச,
சுவர் டண் என்றது.
சுவருக்குள்ளும் ஒரு மணி இருப்பதாக ஊர் நம்பியது.
ஆளாளுக்கு வீட்டை இடித்துத் தேடினார்கள்.
பாதிரியார் வரவேயில்லை.
ஏன் என்றால், மழை.

ஐந்துக்கு இரண்டு.
சாயங்காலம் தாளைப் பார்த்து அவள் அம்மா கேட்டார்,
"நேத்து ஐந்து, இன்னைக்கு ஏன் இப்படி?"
என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன்.
"அவளுக்குச் சட்டை அரிக்குதாம்," என்றேன்.

வாசலில், ஒரு கையில் குடையோடு,
மகளின் கழுத்துப்பட்டிக்குள்
இரண்டு விரல் விட்டுப் பார்த்தார்.